முனகலுக்கு வந்த பதில்

இடுப்பெலும்பு முறிந்த நாள்முதல், பகலில் ஒரு மனுஷியாகவும் இரவில் ஒரு பிரச்சினையாகவும் என் தம்பியால் நான் கருதப்படலானேன்.

அவன் கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. இந்தப் பர்மிய நகரத்தின் லத்தா வட்டாரத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறது என் வீடு. படிகள் செங்குத்தானவை, மின்தூக்கி கிடையாது. தெருவிலிருந்து வர வேண்டிய பொருள்கள், எங்கள் தெருவின் மற்ற வீடுகளுக்கு வருவதைப் போலவே, மாடி முகப்பிலிருந்து தொங்கும் கயிற்றின் வழியாகத்தான் மேலேறும். கயிற்றின் கீழ்முனையில் ஒரு கவ்வி உண்டு. மேல்முனையில் ஒரு மணி உண்டு. ரொட்டிக்காரர் கயிற்றை இழுப்பார், மணி ஒலிக்கும், நான் பையை மேலே இழுத்துக்கொள்வேன். மின்சாரம் நின்றிருந்த ஓர் இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பாயின் ஓரம் என் காலைப் பிடித்துக்கொண்டது. விடிந்தபின் ரொட்டிக்காரர் மணியடித்து, மறுபடியும் அடித்து, பதில் வராமையால் படியேறி வந்து கதவைத் தட்டும்வரை நான் தரையிலேயே கிடந்தேன். மருத்துவமனையில் எலும்புக்குத் தகடு வைத்து, கையில் ஒரு வாக்கரைக் கொடுத்து அனுப்பினார்கள்.

தம்பி மிங்கலாடோனில் விமான நிலையத்துக்கு அருகே தரைத்தள வீட்டில் குடும்பத்தோடு வசிப்பவன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிபந்தனை விதித்தான்.

"இந்தா பாரு அக்கா. ராத்திரிக்கு ஒரு ஆள் கூட இருந்தா நீ இங்கேயே இரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆள் நிக்கலைன்னா பெட்டியக் கட்டு. மிங்கலாடோன்."

"அங்கே எனக்கு எந்த அறை?"

"சாமான் ரூம காலி பண்ணியாச்சு."

"சாமானெல்லாம் எங்கே போச்சு?"

"அதுவும் அங்கேதான் ஒரு மூலையில இருக்கும். உனக்கு என்ன தொந்தரவு?"

தம்பி வீட்டில் அன்புக்குக் குறைவில்லை என்பதை இவ்விடத்தில் எழுதி வைப்பது என் கடமை. ஆயினும் பிறர் வீட்டில் எவ்வளவு அன்பாக நடத்தப்பட்டாலும் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்ல முடியாது. என் தம்பி மனைவியின் தொலைக்காட்சியோ மனிதர்களைவிட முன்னதாக எழுந்து, மனிதர்களுக்குப் பின்னால் உறங்கச் செல்வது. கடைசிக் காலத்தில் என் சொந்தக் கதவை என் சொந்தக் கையால் தாழிட்டுப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அந்த ஆசை இரவு நேரத் துணையாள் ஒருவரின் பொறுமையைச் சார்ந்து நின்றது.

முதலில் வந்த பெண் கைப்பேசியை மிகுந்த பரிவோடு கவனித்துக்கொண்டாள். இடையிடையே என்னையும் கவனித்தாள். அவளைத் தம்பியே அனுப்பிவிட்டான். அடுத்து வந்தவர் பலசாலி. என்னைக் கேட்காமலேயே அரிசி மூட்டையைப் போலத் தூக்கி நாற்காலியில் இறக்குவார். இறக்கியபின் கையையும் தட்டிக்கொள்வார். அவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது நானும் என் எலும்பும் ஒருசேர நிம்மதி அடைந்தோம். ஆனால் தம்பி விரலை மடக்கினான்.

"ரெண்டு பேர் போயாச்சு. மூணாவது ஆளும் போனா, நான் வண்டியோட வருவேன்."

மூன்றாவதாக வந்தவர் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டலாவிலிருந்து மாலைப் படகில் வரும் ஒரு பர்மிய மாது. ஐம்பது வயதைக் கடந்தவர். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைக் குழம்பு பூசி, கூந்தலை இறுக முடிந்திருப்பார். டலா அம்மையார் என்றே இங்கு அவரைக் குறிப்பிடுகிறேன். முதல் நாளே என்னை எழுப்பும்முன் என் இடுப்பில் ஒரு நீளத் துணியைச் சுற்றி முடிந்தார். கையைப் பிடித்து இழுக்காமல் அந்தத் துணியைப் பற்றிக்கொண்டு, "அமே, மூக்கு முன்னாடி போகட்டும், மத்ததெல்லாம் தானா பின்னாடி வரும்" என்றார். மூக்கு முன்னே சென்றது. உண்மையிலேயே மற்றதெல்லாம் பின்னால் வந்தது. பெரிய கப்பலைத் துறைக்குள் இழுத்துவரும் சிறு படகைப் போல என்னைக் கட்டிலிலிருந்து கழிப்பறை நாற்காலிக்கு அவர் இழுத்துச் செல்வார். இரவில் என்னை ஒருபக்கமாகப் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பார். ஒரே பக்கம் படுத்திருந்தால் தோல் புண்ணாகிவிடும் என்பது மருத்துவமனை சொல்லி அனுப்பிய எச்சரிக்கை.

அவர் படுக்கும் முறையில்தான் சிறு சிக்கல் எழுந்தது. பாதம் பெரியவர்களை நோக்கக் கூடாது; சாமி படத்தையும் நோக்கக் கூடாது. சாமி வேறு மதத்தைச் சேர்ந்தவராயினும் சாமியே என்பது அவர் கொள்கை. என் அறையோ சிறியது. ஒரு சுவரோரம் நான், எதிர்ச்சுவரில் முருகன். பாயை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தபின், தலை அறைக்குள்ளும் பாதம் வாசற்படிக்கு அப்பால் சமையற்கட்டிலுமாகப் படுப்பதென்று முடிவாயிற்று. "அடுப்புக்கு மரியாதை வேண்டாமா?" என்று கேட்டேன். "அணைஞ்ச அடுப்புதானே, அமே" என்றார்.

எங்களுக்குள் பேச்சு பர்மிய மொழியிலேயே நடந்தது. எனக்குத் தமிழளவுக்குப் பர்மியமும் வரும். தாய் வயதினளான என்னை அவர் 'அமே' என்று அழைத்தார். தாயே என்பது பொருள். தங்கையைக் குறிக்கும் 'ஞீமா' என்ற சொல்லால் நான் அவரை அழைத்தேன். உறவுமுறை ஒழுங்காக அமைந்துவிட்டதென்று மகிழ்ந்திருந்தேன்.

ஆனால் சில நாள்களிலேயே ஒரு தொல்லை தலைகாட்டியது. அம்மையார் என்னை நிம்மதியாக முனக விடவில்லை.

புரளும்போது இடுப்பில் வலி குத்தும். குத்தினால் முனகுவேன். முனகுவது நோயாளியின் உரிமை. அதற்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை. அம்மையாரோ ஒவ்வொரு முனகலுக்கும் "ஷின்!" என்று உரக்கக் குரல் கொடுத்து எழுந்து உட்கார்ந்தார். பர்மியப் பெண்கள் அழைப்புக்கு மரியாதையாக 'இதோ' என்று சொல்லும் சொல் அது.

"என்ன வேணும், அமே?"

"ஒண்ணும் வேணாம், ஞீமா. படு."

சற்று நேரத்தில் மறுபடியும் வலிக்கும், மறுபடியும் "ஷின்!" வரும்.

வேண்டுமென்றால் மணியடிக்கிறேன் என்று சொல்லி, கயிற்றிலிருந்த மணியைக் கழற்றிக் கட்டில் தலைமாட்டில் கட்டச் செய்தேன். அதன் பயனாக ரொட்டிக்காரர் தெருவில் நின்று என்னைப் பெயர் சொல்லிக் கூவலானார். இரவில் "ஷின்" மட்டும் குறையவில்லை. மாறாக, முன்னைவிட அவசரமாக வந்தது. தமக்கு முன்னால் வேறு யாரோ பதில் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சுபவரைப் போல, முனகல் முடியும்முன்னரே "ஷின்! ஷின்!" என்றார். கண்களைச் சுற்றிக் கருமை படர்ந்தது. ஒருநாள் ஜன்னல் கம்பியில் தப்யே என்னும் மரத்தின் தழைக் கொத்து ஒன்றைச் செருகிவைத்தார். கொசுவுக்காக என்று எண்ணி, "நல்ல வேலை செய்தாய், கொசு குறைந்திருக்கிறது" என்று பாராட்டினேன். அவர் என்னை ஒருவிதமாகப் பார்த்தார்.

மற்றொரு நாள் மாலை என் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"அமே, உங்களுக்கு அமா யாராச்சும் இருந்தாங்களா?"

பர்மிய மொழியில் அமா என்றால் அக்காள். "இருந்தாளே. எனக்கு மூத்தவள். இந்த வீட்டில்தான் இருந்தாள்" என்றேன்.

"எங்கே படுப்பாங்க?"

"நீ படுக்கிற இடத்தில்தான். காலமானதும் அங்கேதான்."

எண்ணெய் தேய்த்த கை நின்றது. பழைய கதைகளில் இத்தனை ஆர்வம் காட்டும் துணையாள் கிடைத்தது என் பாக்கியம் என்று நினைத்து, அக்காளின் கோபதாபங்களைப் பற்றியும் விரிவாகச் சொன்னேன். இரவில் தன் பாயை யாரும் மிதித்தால் அவளுக்குப் பிடிக்காது என்பதையும் மறவாமல் சேர்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மையார் விடைபெற வேண்டும் என்றார்.

"பதேயின் ஊர்ல எங்க அத்தைக்கு உடம்பு சரியில்ல. போய்ப் பார்த்துக்க ஆளில்ல, அமே."

"எப்போது திரும்புவாய்?"

"அது... அத்தைக்கு வயசாச்சு..."

பர்மியரிடம் 'ஆனா' என்றொரு குணம் உண்டு. பிறர் மனம் நோகுமே என்று கூசி, சொல்ல வந்ததைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்வது அது. நாம் பேச்சில் சொல்லும் 'ஆனா'வுக்கும் அதற்கும் வெகு தூரமில்லை. இரண்டிலும் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. அம்மையாருக்கு ஆனா வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என்ன காரணத்தால் வந்தது என்று தெரியவில்லை. என் நாற்றமா, என் நாவா, என் சாம்பாரா என்று இரவெல்லாம் யோசித்தேன். யோசித்துப் புரண்டதில் வலித்தது; "ஷின்!" என்றார்.

தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவன். மறுநாள் காலையிலேயே வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, மூச்சிரைக்க மேலே வந்தான். முகத்தில் வருத்தம் இருக்க வேண்டிய இடத்தில் நல்ல வெளிச்சம் இருந்தது.

"ரப்பாடே அக்கா, ரப்பாடே, பரவாயில்ல. எதுக்கு முகத்த இப்படி வச்சிருக்க? ஜெயிலுக்கா போற? மிங்கலாடோனுக்குத்தானே."

"ஜெயிலில் தொலைக்காட்சி இருக்காது."

"அவ கிட்டச் சொல்லி சத்தத்தக் குறைக்கச் சொல்றேன்."

"நீ இதுவரை எதையாவது அவளிடம் சொல்லி, அது குறைந்திருக்கிறதா?"

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்த இரும்புப் பெட்டியை இழுத்தான். டலா அம்மையார் தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முன் மண்டியிட்டுக் கும்பிட்டு எழுந்து, வாசற்படிவரை சென்றுவிட்டார். நான் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க எண்ணி முகத்தைத் திருப்பினேன். தம்பி இழுத்த பெட்டியின் மூலை என் கணுக்காலில் இடித்தது.

"அம்மா!" என்று அலறினேன்.

"ஷின்!"

தோளிலிருந்த பை தரையில் விழுந்தது. அம்மையார் இரண்டே எட்டில் வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர், பட்டப்பகல் வெயிலில், என் முகத்தையும் அறையின் மூலையையும் மாறிமாறிப் பார்த்தார்.

தம்பி பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "நீங்க எதுக்கு ஷின்னு சொன்னீங்க?" என்று பர்மியத்தில் கேட்டான்.

"அமே அமாவைக் கூப்பிட்டாங்க."

"எந்த அமா?"

அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "காலமான அமா. ராத்திரி முழுக்கக் கூப்பிடறாங்க. கண்ண மூடிக்கிட்டே, அமா, அமான்னு. நான் தங்கச்சி, என்னை அப்படிக் கூப்பிட மாட்டாங்க. அந்தம்மா பதில் சொல்லிடக் கூடாதேன்னு நான் முந்திக்கிட்டுச் சொல்றேன். அவங்க உள்ள வராம இருக்கத் தழை வச்சேன், ஓதியும் பார்த்தேன். அமேக்குக் கொசு குறைஞ்சதுதான் தெரிஞ்சுது."

தம்பியின் தோள்கள் முதலில் குலுங்கின. பின் அவன் பெட்டியின் மீதே உட்கார்ந்துவிட்டான். கண்ணீர் வழியச் சிரித்தபடி, "அக்கா, நீ செத்துப் போன பெரியக்காவோட ராத்திரியெல்லாம் பேசறியாம்! நீ வலிக்கு அம்மாங்கற, அவங்க அமான்னு..." என்றான். மேற்கொண்டு சொல்ல அவனால் இயலவில்லை.

நானே அம்மையாருக்கு விளக்க வேண்டியதாயிற்று. தமிழருக்கு வலித்தால் வாயில் வருவது 'அம்மா' என்றும், அம்மா என்றால் தாயென்றும், ஆயினும் அந்நேரத்தில் தாயையோ வேறு எவரையோ நாங்கள் அழைப்பதில்லை என்றும் கூறினேன். அக்காள் உயிரோடிருந்த நாளிலேயே கூப்பிட்டால் வந்தவளில்லை என்பதையும் உறுதிப்படுத்தினேன்.

அம்மையார் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "அமலே!" என்றார்.

"என்ன சொன்னாய்?"

"அமலே... நாங்க வலிச்சாலும் பயந்தாலும் அதத்தான் சொல்வோம்."

"அதில் மட்டும் அமா இல்லையா?"

அவர் யோசித்தார். பிறந்தது முதல் சொல்லிவந்த சொல்லை முதன்முறையாகக் காதால் கேட்பவரைப் போல மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியில் ஒருவரும் தரையில் ஒருவருமாகச் சிரித்துக்கொண்டிருக்க, இடுப்பு முறிந்த நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

பதேயினில் படுக்கையில் கிடந்த அத்தை அன்று மாலைக்குள் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். டலா அம்மையார் பாயை விரித்தார். இரவில் அவரைத் தொல்லை செய்யாமலிருக்க, முனகலை மாற்றிக்கொள்வதென்று நானும் தீர்மானித்தேன். 'முருகா' என்று முனகலாம் என முடிவு செய்து பகலில் பயிற்சியும் செய்தேன். ஆனால் வலி பயிற்சியைக் கேட்டு வருவதில்லை. நள்ளிரவில் 'அம்மா' என்றே வந்தது. சமையற்கட்டின் பக்கமிருந்து, தூக்கம் கலையாத குரலில், "இது எந்த அம்மா?" என்று கேட்டார். "வலி அம்மா" என்றேன். "சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆனால் தம்பி விட்டபாடில்லை. வண்டி வெறுமையாகத் திரும்பியது அவன் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். "இன்னிக்கு அமா, நாளைக்கு வேற ஒண்ணு வரும். வெளியாள் வெளியாள்தான் அக்கா. வீட்டு மனுஷங்க நடுவுல இருந்தா ஒரு முனகலுக்கு அஞ்சு பேர் எழுந்து வருவோம்" என்றான். பௌர்ணமிக்கு அம்மையார் விகாரையில் விரதமிருக்க விடுப்புக் கேட்டபோது, இதை மெய்ப்பிக்க வாய்ப்புக் கிடைத்ததென்று அன்றைய இரவுப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டான்.

வந்தவன் அம்மையாரிடம் கைப்பேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். துணியை இடுப்பில் எப்படி முடிவது, முழங்கால்களுக்கு நடுவில் தலையணையை எப்படி வைப்பது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "அக்கா, ஒரு குரல் கொடு போதும்" என்று கூறிப் படுத்தான். பாதம் எத்திசையை நோக்குகிறது என்ற ஆராய்ச்சியெல்லாம் அவனிடம் இல்லை. அது நேராக முருகனை நோக்கியது. தலை பாயைத் தொட்டதும் குறட்டை கிளம்பியது.

இரவில் எனக்குக் கழிப்பறை நாற்காலிக்குச் செல்ல வேண்டியிருந்தது. "தம்பி" என்றேன். சற்று உரக்க, "டேய்" என்றேன். மணியை அடித்தேன். எதிர்வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது. என் அறையில் மாற்றமில்லை. வலி வந்தபோது அம்மா என்றும் முனகிப் பார்த்தேன். குறட்டை ஒருகணம் நின்றது, நம்பிக்கையோடு காத்திருந்தேன், அவன் மறுபக்கம் திரும்பினான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை பொறுத்திருந்தேன். அதற்குமேல் அவ்விரவைப் பற்றி எழுதுவது நாகரிகமாகாது.

வெளிச்சம் வந்ததும் கண்விழித்தவன் என்னைக் கண்டு துள்ளி எழுந்தான்.

"எப்ப எழுந்த? ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டேன்."

"சத்தமாக் கூப்பிட்டிருக்கணும்."

"எதிர்வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்."

முதலில் என்னை நாற்காலிக்கு அழைத்துச் சென்றான். துணியைத் தவறாகவே முடிந்தான். திரும்பவும் கட்டிலில் உட்காரவைத்தபின் தலையைக் குனிந்துகொண்டு என் முன் நின்றான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டதை அன்றுதான் நன்றாகக் கவனித்தேன்.

"உன் வீட்டில் ஐந்து பேர் எழுந்து வருவீர்கள் என்றாயே" என்றேன். "மற்ற நால்வரும் எப்படித் தூங்குவார்கள்?"

"பிள்ளைங்க என்னை மாதிரிதான்."

"அவள்?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். மிங்கலாடோன் அங்கிருந்து வெகு தூரம்; இருந்தாலும் பார்த்தான்.

"அவ இன்னும் மோசம். தலைக்கு மேல பிளேன் போனாலும் அசைய மாட்டா." பிறகு, "நீ இங்கேயே இரு அக்கா. அந்தம்மா இருக்கட்டும். வருஷத்துல அவங்க விடுப்பு எடுக்கற நாளுக்கு வேற ஆள் பார்க்கறேன். நான் வேணாம்" என்றான்.

"சரி."

"ஆனா, அவ தூங்கறதப் பத்திச் சொன்னேன் பாரு, அத மட்டும் அவகிட்டச் சொல்லிடாதே."

சொல்ல மாட்டேன் என்று வாக்களித்தேன், இன்றுவரை சொல்லவில்லை. என் தம்பி மனைவிக்குத் தமிழ் பேச வருமே தவிரப் படிக்க வராது. ஆகையால் இதை இங்கு எழுதுவதில் வாக்குத் தவறுதல் ஏதுமில்லை.